தாழிடுமுன் சோப்பு

காஞ்சன்பாக்கில் நாங்கள் ஐவர் குடியிருக்கும் வீட்டிற்குக் குளியலறை ஒன்றே. ஒருநாள் தோழர் ஒருவர் உள்ளே சென்று தாழிட்ட பிறகுதான் சோப்பு இல்லையென்று கண்டார். கதவையாவது திறந்தாரா? இல்லை. சோப்பு வரும்வரை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்! வெளியே தோளில் துண்டுடன் நாங்கள். அன்று சிரித்தேன். அதே பிழையை என் டிரைவர் நிரலில் நானே செய்திருந்ததை அப்போது அறியேன்.

லினக்ஸ் கெர்னலில் ஸ்பின்லாக் என்றொரு பூட்டு உண்டு. பொதுவாக அதைப் பிடித்தவர் வேலை முடியும்வரை உறங்கலாகாது. காத்திருப்பவர்களும் உறங்காது சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நானோ அப்பூட்டைப் பிடித்தபடியே, ஜி.எஃப்.பி. கெர்னல் என்னும் குறியிட்டுக் கேமல்லாக்கிடம் நினைவகம் கேட்டேன். தாராளமாக இருந்தால் உடனே கிடைக்கும். பற்றாக்குறை வந்தாலோ, இடம் காலியாகும்வரை கேட்டவரை உறங்க வைத்துவிடும். பூட்டோ அவர் கையில்! மூன்று வாரம் ஒழுங்காக ஓடிய டிரைவர், பெரியதொரு மென்பொருளைக் கம்பைல் செய்த இரவில் கணினியைச் சிலையாக்கிற்று. 1982-இல் கலாம் இயக்குநராக வந்த ஏவுகணை ஆய்வகம் இருக்கும் காஞ்சன்பாக்கில் வாழ்ந்துகொண்டு, ஒரு சென்சாரைப் படிக்கத் தெரியவில்லையே என்று வெட்கினேன்.

"குறியை ஜி.எஃப்.பி. அட்டாமிக் என்று மாற்றிவிடப்பா, ஒரு சொல்தானே!" என்றார் ஒரு நண்பர். மாற்றினேன். உறக்கம் போயிற்று. ஆனால் அக்குறி காத்திருக்காது. அவசரத்திற்கென ஒதுக்கிய சேமிப்பிலும் கை வைக்கும். அங்கும் இல்லையேல் வெறுங்கையுடன் திரும்பும். விருந்தினருக்கென எடுத்துவைத்த சோப்பை அன்றாடம் தேய்ப்பது போன்றதே இது. அடுத்த வாரமே அளவீடுகள் இடையிடையே காணாமற் போயின.

இந்த ஒற்றைச்சொல் வைத்தியத்தை நான் ஏற்பதற்கில்லை. இத்தகைய பிழைகளைத் தேடித் தரும் காக்ஸினெல் கருவியின் நிரல் குறிப்பே, குறியை மாற்றுவது எப்போதும் சரியான திருத்தம் ஆகாது என்று எச்சரிக்கிறது. யார் படிக்கிறோம்? பூட்டுமுன் நினைவகத்தை வாங்குங்கள். கிடைக்காவிடில் அங்கிருந்தே திரும்புங்கள். பூட்டியபின் அது வேண்டாமெனத் தெரிந்தால், பூட்டைத் திறந்துவிட்டு விடுவித்துவிடுங்கள். நாலு வரி கூடும், கூடட்டுமே! அப்படி எழுதியபின் என் அளவீடுகள் தவறவில்லை. இன்டரப்ட் கையாளும் இடத்தில் உறங்கவே வழியில்லை; அங்கு அட்டாமிக் இருக்கலாம், கை வெறுமையா என்று சோதித்துக்கொண்டு.

நிற்க. சோதனைக் கெர்னலில் டிபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற அமைப்பைப் போட்டு வையுங்கள். நினைவகம் எவ்வளவு இருந்தாலும், உறங்கக்கூடிய அழைப்பைப் பூட்டுக்குள் கண்டதும் அது கூச்சலிடும். மூன்று இரவு விழித்தும் நான் காணாததை முதல் நிமிடத்திலேயே சொல்லிற்று.

குளியலறைக்கு வெளியே ஆணியடித்துச் சோப்புப் பெட்டி மாட்டியாயிற்று.