பினாங்கை நடந்து பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பினாங்குப் பாலத்தில் வாகனங்கள் வரிசைபிடித்து நிற்கும். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையும் குடும்பங்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. காலையில் கொடிமலை, நண்பகலில் நாசி கண்டார், மாலையில் பத்து பெரிங்கி கடற்கரை, இடையில் ஏதாவது ஒரு சுவரோவியத்தின் முன் நின்று ஒரு படம். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் நேரமெல்லாம் மகிழுந்துக்குள்ளேயே கழிகிறது. வாகனத்தை நிறுத்த இடம் தேடும் நேரத்தையும் கூட்டிக்கொண்டால் விடுமுறையில் பாதி போய்விடும். பினாங்கு போன்ற ஒரு தீவை இப்படிப் பார்த்துவிட்டுத் திரும்புவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. அது நடந்து பார்க்க வேண்டிய தீவு.

நடைப்பயண விடுமுறை என்றதும் அது மேலைநாட்டினரின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். ஜப்பானின் ஷிகோகு தீவில் 88 ஆலயங்களை இணைக்கும் பாதை ஒன்று உண்டு. ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பல நூற்றாண்டுகளாக மக்கள் நடந்து வருகின்றனர். நமக்கும் இது புதிதன்று. தைப்பூசத்தின்போது வெள்ளி இரதம் ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் புறப்பட்டால், ஆயிரக்கணக்கானோர் வெறுங்காலுடன் அதனுடன் நடக்கின்றனர். அதன்பிறகு மலைக்கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளையும் ஏறுகின்றனர். ஆனால், மறு வாரமே அதே சாலையில் அரை கிலோமீட்டர் தூரத்திற்குக்கூட நமக்கு மகிழுந்து தேவைப்படுகிறது!

நடப்பதால் அப்படி என்ன கிடைத்துவிடும்? கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சாலையை எடுத்துக்கொள்வோம். முன்பு அதற்குப் பிட் தெரு என்று பெயர். அதன் வட முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் நிற்கிறது. சற்றுத் தெற்கே வந்தால் சீனர்களின் குவான் யின் ஆலயம். அதன் முற்றத்தில் ஊதுவத்திப் புகை ஓய்வதே இல்லை. இன்னும் சில நிமிடங்கள் நடந்தால் 1833-இல் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் கோயில். அதை அடுத்து, 1801-இல் இந்திய முஸ்லிம் வணிகர் காதர் முகைதீனின் முயற்சியால் உருவான கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதற்கும் அப்பால் 1808-ஆம் ஆண்டைச் சேர்ந்த அச்சே தெரு மலாய்ப் பள்ளிவாசல். இவை அனைத்தும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. வாகனத்தில் சென்றால் இரண்டு மூன்று நிமிடங்களில் கடந்துவிடலாம். கடந்துவிடலாமே தவிர, ஒன்றையும் பார்த்திருக்க முடியாது.

நடப்பவர் வேறு பலவற்றையும் கவனிப்பார். குறுக்கே ஓடும் சூலியா தெருவின் பெயர், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைக் குறிப்பது. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த பினாங்கு தெருவும் அருகிலேயே உள்ளது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் துறைமுகம் அமைத்த பின்னர் எந்தெந்த மக்கள் வந்தார்கள், எவர் எவருக்கு அண்டைவீட்டார் ஆனார்கள் என்பதை வரலாற்றுப் பாடநூல் பல பக்கங்களில் விளக்குகிறது. இங்கே அதைத் தெருப்பெயர்ப் பலகைகளிலேயே படித்துவிடலாம். 2008-இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம் தனிப்பட்ட ஒரு கட்டடத்தின் அழகு மட்டுமன்று; பல இனத்தவரும் பல சமயத்தவரும் இப்படி நெருங்கி வாழ்ந்ததும்தான்.

இந்த இடத்தில் ஐந்தடிப் பாதையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கடைவீடுகளின் முன்புறத்தில், மாடியின் நிழலிலேயே அமைந்த நடைபாதை அது. மலாய் மொழியில் காக்கி லீமா என்பார்கள். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டிற்கு இதைவிடப் பொருத்தமான நடைபாதையை எவரும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால், இன்று அதன் நிலை என்ன? ஓரிடத்தில் கடைச்சரக்கு, அடுத்த இடத்தில் மோட்டார் சைக்கிள், அதற்கடுத்து உணவகத்தின் மேசை நாற்காலிகள். பத்து அடி நடப்பதற்குள் சாலையில் இறங்கி மீண்டும் ஏற வேண்டியிருக்கிறது. இளைஞருக்கு இது சிறு தொல்லை. கைத்தடியுடன் நடக்கும் முதியவருக்கும், சக்கர நாற்காலியில் செல்பவருக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து அழைத்துச் செல்லும் தாய்க்கும் வழி அடைபட்டதாகவே பொருள். புதிய சுவரோவியங்களுக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பகுதியை ஐந்தடிப் பாதைகளைத் திறந்துவிடச் செலவிட்டால், நகரத்திற்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியதில்லை. கடைக்காரர்களின் பிழைப்பு கெட்டுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். மகிழுந்தில் பறப்பவர் அவர்கள் கடையில் நிற்பதே இல்லை. நடந்து வருபவர்தாம் ஒரு கிண்ணம் செண்டோலுக்காவது நிற்பார்.

நடப்பவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்றும் நான் கூறமாட்டேன். கரையோரத்தில் கடலுக்குமேல் கால்மரங்கள் நட்டுக் கட்டப்பட்ட சீனக் குலத்தவரின் படகுத்துறைக் குடியிருப்புகள் உள்ளன. அவற்றுள் சில ஏற்கெனவே இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. பலகைப் பாதையில் கூட்டமாக நடந்து, திறந்திருக்கும் சன்னல்வழியே எட்டிப் பார்த்து, வீட்டுப் பூசை மாடத்தைப் படமெடுப்பது பண்பாகாது. நம் வீட்டுக் கூடத்தில் முன்பின் தெரியாதவர் வந்து படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? ஜார்ஜ்டவுனில் 2000-ஆம் ஆண்டில் வாடகைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது வாடகை உயர்ந்து, பரம்பரையாக அங்கே வாழ்ந்த பலர் வெளியேற நேர்ந்தது. அதன்பின் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. வாழும் மக்கள் இல்லாமல் போனால், பார்ப்பதற்குச் சுவர்கள்தாம் மிஞ்சும். ஆகவே, மிச்சமிருக்கும் தையற்காரரிடமும் பூக்கடைக்காரரிடமும் மசாலை அரைப்பவரிடமும் ஏதேனும் வாங்கிச் செல்வது நல்லது.

நகரத்தை விட்டு விலகினால் தீவின் மறுபக்கம் தெரியும். கொடிமலையின் மிக உயர்ந்த பகுதி 833 மீட்டர். 1923 முதல் மலை இரயில் மேலே ஏறிச் செல்கிறது. இப்போது சில நிமிடங்களில் உச்சியை அடைந்துவிடலாம். தாவரவியல் பூங்காவிலிருந்து நடந்து சென்றால் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செங்குத்தான பாதை. மூச்சு வாங்கும், கால் வலிக்கும். ஆனால், வெப்பம் படிப்படியாகக் குறைந்து காற்று குளிர்வதை உடலே உணரும். இந்த மலைக்காடுகளை 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது ஏன் என்பதும் அப்போது புரியும். வடமேற்கு மூலையில் தெலுக் பகாங் ஊரிலிருந்து தேசியப் பூங்காவிற்குள் ஒரு காட்டுப்பாதை செல்கிறது. ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சூட் கடற்கரை. ஆமைகள் முட்டையிட வரும் கரை அது. அருகிலேயே உள்ள ஏரியில், மழைக்காலத்தில் நன்னீர் மேலும் கடல்நீர் கீழுமாக, ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும். நுழைவாயிலில் பெயரைப் பதிந்துகொண்டு செல்ல வேண்டும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக்கூடாது. கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருபவரின் பையையே அவை பறிக்கும்.

"இந்த வெயிலில் நடப்பதா?" என்று கேட்பவர்களுக்கு நியாயம் உண்டு. நண்பகல் நேரத்தில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடித்துக்கொள்ளலாம். வெயில் உச்சியில் இருக்கும்போது உண்டு ஓய்வெடுத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு மேல் மீண்டும் புறப்படலாம். தாத்தா பாட்டியால் இயலாத தூரத்திற்குப் பேருந்து இருக்கிறது. 101-ஆம் எண் பேருந்து தெலுக் பகாங் வரை செல்கிறது. 204-ஆம் எண் பேருந்து கொடிமலை அடிவாரத்திற்குச் செல்கிறது. தீவுக்கு வருவதற்கும் மகிழுந்து கட்டாயமில்லை. கோலாலம்பூரிலிருந்து இரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து பெர்ரியில் ஏறினால் வெல்ட் படகுத்துறையில் இறங்கலாம். பழைய நகரம் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது.

கல்விச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் பள்ளிகளே இதை முதலில் செய்து பார்க்கலாம். ஒரே நாளில் ஆறு இடங்களுக்குப் பேருந்தில் ஓடி, ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் நின்று, வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பட்டியலைக் கைவிடலாம். இரண்டு நாளுக்கு இரண்டே இடங்கள் போதும்: ஒரு நாள் காலையில் பிட் தெரு, மறுநாள் காலையில் கெராச்சூட் காட்டுப்பாதை.