முள் பறித்தால் அபராதம்!

முள் குத்தினால் கை வலிக்கும். முள் செடியைப் பறித்தால் அபராதம் விழுமா? விழுந்தது! இஸ்ரேல் நாட்டில் பல அரபுக் குடும்பங்கள் அப்படி அபராதம் கட்டின.

அந்தச் செடியின் பெயர் அக்கூப். சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாலஸ்தீனம், லெபனான், சிரியா, துருக்கி ஆகிய இடங்களில் மலைச் சரிவுகளில் தானாக முளைக்கிறது. விதைப்பார் இல்லை, தண்ணீர் விடுவாரும் இல்லை. மழைக்காலம் முடியும் தறுவாயில் இளங்குருத்து தலைகாட்டும். உடனே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் செடி முற்றிக் காய்ந்து, அடித்தண்டு ஒடிந்து, காற்றில் பந்துபோல் உருண்டு ஓடும். போகும் வழியெல்லாம் விதை சிதறும்.

முள்ளுக்குள் ருசி

பறிப்பது பாதி வேலைதான். வீட்டுப் பெண்கள் கத்தியும் கையுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாகச் சீவி எறிவார்கள். மணிக்கணக்கில் வேலை நடக்கும், பேச்சும் நடக்கும். பிறகு வெங்காயத்தோடு ஆலிவ் எண்ணெயில் வதக்குவார்கள். இறைச்சியோடும், முட்டையோடும், தயிரோடும் சமைப்பார்கள். இளம் மொட்டும் வீணாவதில்லை.

சட்டம் வந்தது

1977-ல் சாத்தர் என்ற மணமுள்ள மூலிகையைப் பறிக்கக் கூடாது என்று இஸ்ரேல் அரசு தடை செய்தது. 2005-ல் அக்கூப்புக்கும் தடை வந்தது. "சந்தைக்காக அளவில்லாமல் பறிக்கிறார்கள், செடியே அழிந்துவிடும்" என்பது அதிகாரிகளின் வாதம். "பாட்டி காலம் முதல் பறிக்கிறோம். செடி அழிந்தா போயிற்று?" என்பது அரபு மக்களின் கேள்வி. வழக்குகள் நடந்தன. 2020-ம் ஆண்டு வாக்கில், வீட்டுக்குத் தேவையான கொஞ்சம் பறிக்கலாம் என்று பிடி தளர்ந்தது.

யார் பக்கம் நியாயம்?

செடி அழியக் கூடாது என்ற கவலை சரிதான். ஆனால் மூட்டை மூட்டையாக வாரும் வியாபாரியும், ஒருவேளைக் குழம்புக்குப் பறிக்கும் தாயும் ஒன்றல்ல. பழகிய கைக்கு ஒரு முறை உண்டு: குருத்தை வெட்டு, வேரைத் தொடாதே! வேர் இருந்தால் அடுத்த ஆண்டும் துளிர்க்கும்.

சட்டம் எழுதுமுன் அந்தத் தாயை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். செடியைக் காக்கும் வழியை அவளே சொல்லியிருப்பாள்!