பேலன்ஸ் எவ்வளவு கட்டணும் டீச்சர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

போன மாதம் தேவர்சோலை பஜாரில் ஓர் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். முப்பது வருடத்துக்கு மேல் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் படித்தவர்கள். நடக்கும்போது தள்ளாடுகிறது என்று டாக்டரிடம் போய்விட்டு வந்திருக்கிறார்.

"டீச்சர், பேலன்ஸ் சரியில்லைன்னு சொல்றாங்க. நான் பில்லு முழுசா கட்டிட்டேனே! இன்னும் எவ்வளவு கட்டணும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் விசாரித்தபோது சிரிப்பு போய்விட்டது. அதற்குள் அவர் இரண்டு முறை வீட்டுக்குள்ளேயே விழுந்திருக்கிறார். டாக்டர் மாத்திரையோடு 'பேலன்ஸ் எக்சர்சைஸ்' செய்யச் சொல்லியிருக்கிறார். இவரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். மாத்திரை வீட்டுக்கு வந்தது, பயிற்சி வரவில்லை. இடையில் நின்றது ஒரே ஒரு வார்த்தை.

டாக்டரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்வதென்றால் என்னிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடை வாங்கிக்கொள்வேன். போர்ஷன் முடிய வேண்டுமே! அப்படி வாங்கிய ஒரு பீரியடில் 'எக்சர்சைஸ்' என்ற சொல்லின் ஸ்பெல்லிங்கைப் பத்து முறை எழுத வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. மைதானத்துக்கு ஓட வேண்டிய பிள்ளைகளை உட்கார வைத்து, உடற்பயிற்சி என்ற சொல்லை எழுத வைத்திருக்கிறேன். ஸ்பெல்லிங் வந்தது. சொல் உடம்புக்குள் போகவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் இன்று தங்கள் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போகிறவர்கள்.

ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் ஒரு முறையைச் சொன்னார். புது மொழியைக் கற்கும்போது, சொல்லைக் கேட்டவுடன் உடம்பால் செய்து காட்ட வேண்டும். 'ஸ்டாண்ட் அப்' என்றால் எழ வேண்டும், 'டர்ன்' என்றால் திரும்ப வேண்டும். அர்த்தம் எழுதிப் போட வேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாம் எல்லோரும் செய்ததுதான். அதை ஏன் ஒன்றாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டோம்?

அந்த அக்காவுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். 'பேலன்ஸ்' என்றால் விழாமல் நிற்பது. அடுப்படித் திண்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் மகள் நிற்க, ஒற்றைக் காலில் நிற்பது. 'ஸ்ட்ரெட்ச்' என்றதும் அவர் பயந்துவிட்டார், ஆஸ்பத்திரி ஸ்ட்ரெட்சர் ஞாபகம் வந்ததாம். கையை நீட்டி விரிப்பதுதான் ஸ்ட்ரெட்ச், துணியை விரித்துக் கட்டியதால் அது ஸ்ட்ரெட்சர் என்றதும் சிரித்தார். 'மெமரி' அவருக்கே தெரிந்திருந்தது. போனில் மெமரி ஃபுல் என்று பேரன் தினமும் சொல்கிறானாம்.

பார்த்தீர்களா, நம் ஆட்களுக்குப் பாதிச் சொல் ஏற்கெனவே தெரியும். பேலன்ஸ், மெமரி இரண்டும் செல்போன் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றைச் செல்போனிலிருந்து உடம்புக்கு மாற்றிக் கொடுப்பதுதான் நம் வேலை.

"நான் நடக்காத நடையா டீச்சர்? முதுகில கொழுந்தோட மேடும் பள்ளமும் ஏறி இறங்குனது பத்தாதா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பு பேங்க் டெபாசிட் இல்லை, அன்று போட்டதை இன்று எடுக்க முடியாது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 வயதுக்கு மேல் வாரம் மூன்று நாளாவது, தடுமாறாமல் நிற்கவும் தசை பலத்துக்கும் பயிற்சி வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது.

இது காலுக்கு மட்டும் இல்லை, மூளைக்கும்தான். நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதிக்கு 'ஹிப்போகாம்பஸ்' என்று பெயர். கடல்குதிரைக்கான கிரேக்கச் சொல் அது, வடிவம் அப்படி இருப்பதால் வந்த பெயர். வயதானால் அது சுருங்கும். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஒரு வருடம் வாரம் மூன்று நாள் 40 நிமிடம் வரை வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் நடப்பதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இது போதும்.

"எதுக்கு இங்கிலீஷ்? டாக்டர் தமிழில் சொல்லட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே சொல்கிறேன். உடல் சமநிலை, நினைவாற்றல், பக்கவாதம் என்று நமக்குச் சொல் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள். ஆனால் சீட்டில் எழுதியிருப்பதும், ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருவதும் இங்கிலீஷ்தான். அது மாறும் வரை நம் அக்காக்கள் விழுந்துகொண்டே இருக்க முடியாது. தமிழில் கேட்பது நம் உரிமை. இங்கிலீஷில் பத்துச் சொல் தெரிந்துகொள்வது நமக்குப் பாதுகாப்பு.

"இந்த வயசுல புது பாஷையா?" என்பவர்களுக்கு ஒரு சேதி. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பற்றி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுபவர்களுக்கு அந்த மறதி நோய் சராசரியாக நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. அறுபது வயதில் பத்துச் சொல் படித்தால் அதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பல மொழிகளோடு வாழ்ந்தவர்கள். ஆனால் நம் கூடலூர்ப் பக்கத்தைப் பாருங்கள். தமிழும் மலையாளமும் கலந்து பேசாதவர் யார்? கன்னடமும் சேர்த்துப் பேசுபவர்கள் எத்தனை பேர்! தன்னைப் படிக்காதவள் என்று சொல்லிக்கொள்ளும் அந்த அக்காவே இரண்டு பாஷையில் சண்டை போடுவார். அவருக்கா பத்துச் சொல் வராது?

இன்னொன்று. 'விடியற்காலையில் நடங்கள்' என்று பேப்பரில் போடும் அறிவுரை நம் ஊருக்கு ஆகாது. விடியற்காலையில் பாதையில் யானை நிற்கும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு மூன்று பேராகப் போங்கள். மழைக்காலத்தில் வாசலுக்குள்ளேயே நடங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள். விளையாட்டுப் பீரியடைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். இங்கிலீஷ் சொல்லித்தர ஆசையென்றால் நீங்களும் மைதானத்துக்குப் போங்கள். ஜம்ப், பெண்ட், பிரீத், பல்ஸ், மசில் எல்லாம் அங்கேயே செய்து பழகட்டும். அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பாட்டிக்குத் தமிழில் செய்து காட்ட வேண்டும். அதுதான் ஹோம்வொர்க். நோட்டில் எழுத வேண்டாம்.

அந்த அக்காவை முந்தாநாள் பார்த்தேன். திண்டைப் பிடித்தபடி ஒன், டூ என்று எண்ணிக்கொண்டு ஏழு வரை நிற்கிறாராம். பத்து ஆகட்டும், வந்து சொல்கிறேன் என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் டாக்டரிடம் தலையாட்டிவிட்டு வந்த சொல் எது? இன்று ஒரு தடவை கேட்டுப் பார்த்து, கீழே எழுதுங்கள். முடிந்தவரை விளக்கம் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், தேவர்சோலை