குடத்துக்குக் காவல் நின்ற பிள்ளை



நேற்று ஜூன் 20, உலக அகதிகள் தினம். வாட்ஸ்அப்பில் நிறைய கவிதைகள் வந்தன. எனக்கு ஒரு குடம்தான் நினைவுக்கு வந்தது.

1990-களில் என் மூன்றாம் வகுப்பில், இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு பிள்ளை வந்து படித்தாள். தினமும் தாமதம். ஒருநாள் கோபத்தில் வெளியே நிற்க வைத்துவிட்டேன். அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு வாரம் பள்ளிக்கே வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். ஒரே ஒரு குழாய், அதற்கு முன்னால் நீள வரிசையில் குடங்கள். அம்மா விடியற்காலையிலேயே கூலி வேலைக்குப் போய்விடுவார். குடத்துக்குக் காவல் நிற்பது இவள். குழாயில் வராத நாளில் குட்டைத் தண்ணீர். அதைக் குடித்துத்தான் வாந்தி பேதி. "தண்ணி வர நேரமாகிட்டுது டீச்சர்" என்றாள், படுத்தபடியே. நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அவளை வெளியே நிற்க வைத்தது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

அகதிகளுக்கு உதவி என்றால் மருந்து, துணிமணி, உணவுப் பொட்டலம் என்றே நினைக்கிறோம். என் கருத்து, முதலில் குழாயை எண்ண வேண்டும் என்பதே.

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பாங்கான் ஊரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பெரிய டிரம்களில் வைத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே மொண்டு மொண்டு குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அது 4-க்கும் கீழே குறைந்தது. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்குவது அதே வகைக் கரைசல்தான்.

ஆனால் அந்தப் பொட்டலத்தைக் கரைக்கவும் நல்ல தண்ணீர் வேண்டுமே! 1994-இல் ருவாண்டா அகதிகள் கோமா நகரில் குவிந்தபோது, ஏரித் தண்ணீரைக் குடித்துக் காலராவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் நிவாரண அமைப்புகள் சேர்ந்து 'ஸ்பியர்' என்ற அளவுகோலை வகுத்தன. ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது அது. இதைப் படித்தபோது அந்தப் பிள்ளைதான் கண்முன் வந்தாள்.

"கொஞ்ச நாள் இருக்கப் போகிறவர்கள்தானே" என்று சிலர் சொல்வார்கள். நம் தமிழ்நாட்டு முகாம்களுக்கு நாற்பது வயதாகிவிட்டது. கொஞ்ச நாள் என்று போட்ட கொட்டகையில் பேரப்பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள்.

உங்களில் இன்ஜினியர்கள், நர்ஸ்கள், அரசு அலுவலர்கள் இருக்கிறீர்கள். எந்த முகாமுக்குப் போனாலும் "என்ன வேண்டும்?" என்று கேட்பதற்கு முன், "தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆசிரியராக இருப்பவர்களுக்கு இன்னொன்று. தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்தும் முன் காரணத்தைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்