பேட்டரியை எடுத்த பிறகு

காசு விழுங்கிய குழந்தைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, எக்ஸ்ரேயில் வட்டமாக எதைப் பார்த்தாலும் காசு என்றே தோன்றுகிறது. அந்தப் பழக்கம் ஆபத்தானது. விளிம்பில் இரட்டை வளையம் இல்லை, பக்கவாட்டுப் படத்தில் விளிம்பு படிபோல் இறங்கவில்லை என்று உறுதியாகும்வரை அது பட்டன் பேட்டரிதான்.

ரிமோட்டிலும் எடை மெஷினிலும் கிடக்கும் 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத் திசு வழியே மின்னோட்டம் பாய்ந்து, நெகட்டிவ் பக்கத்தில் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. 2 மணி நேரத்திலேயே திசு கடுமையாக வெந்துவிடும். பேட்டரி கசிந்திருக்க வேண்டும் என்பதில்லை. "பழைய பேட்டரிதாங்க டாக்டர், ரிமோட்டே வேலை செய்யல" என்று தாய் சொல்வதைக் கேட்டு நாம் நிதானமாகிவிடக் கூடாது. ரிமோட்டுக்குப் போதாத மின்சாரமே குழந்தையின் உணவுக்குழாயைப் புண்ணாக்கப் போதும்.

விழுங்கி 12 மணி நேரத்துக்குள், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மி.லி. தேன் கொடுக்கலாம் என்பது அமெரிக்க நச்சுத் தகவல் மையத்தின் வழிகாட்டுதல். அதிகபட்சம் 6 முறை. அதற்காக எண்டோஸ்கோப்பி ஒரு நிமிடமும் தள்ளிப்போகக் கூடாது. வாழைப்பழமும் சோற்றுருண்டையும் வேண்டவே வேண்டாம்.

இவ்வளவும் பலருக்குத் தெரியும். நாம் கோட்டை விடுவது அதற்குப் பிறகுதான். பேட்டரியை எடுத்து, மறுநாள் பால் குடித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் எடுத்த பின்னும் திசுவின் அழிவு தொடர்கிறது. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழலாம், குரல்நாண் செயலிழக்கலாம். எல்லாவற்றிலும் கொடியது, வாரங்கள் கழித்தும் மகாதமனிக்குள் திறந்துகொள்ளும் துளை. பெருக்கெடுக்கும் முன் பல குழந்தைகளுக்குச் சிறிதளவே ரத்தம் வரும்: ஒருமுறை ரத்த வாந்தி, அல்லது கறுத்த மலம். அதை இரைப்பைப் புண் என்று எண்ணி மருந்து எழுதி அனுப்பினால், கிடைத்திருந்த ஒரே அவகாசமும் போய்விடும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் 'அந்நியப் பொருள் அகற்றப்பட்டது' என்ற ஒற்றை வரி போதாது. பேட்டரியின் அளவு, சிக்கிய இடம், எத்தனை மணி நேரம் இருந்தது, நெகட்டிவ் பக்கம் எத்திசை நோக்கியது ஆகியவற்றை எழுதுங்கள். முன்னோக்கியிருந்தால் மூச்சுக்குழாயும் பெரிய ரத்தக்குழாய்களும், பின்னோக்கியிருந்தால் முதுகெலும்பும் நம் கவலை. புண் மகாதமனியை ஒட்டியிருந்தால், அனுப்பும் முன் காண்ட்ராஸ்ட் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து இடைவெளியைப் பாருங்கள். ஒரு துளி ரத்தம் வந்தாலும் இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும் என்று பெற்றோருக்குத் தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். நள்ளிரவில் அந்தக் குழந்தையைப் பார்க்கப்போகும் டியூட்டி டாக்டருக்கும் அந்தத் தாள்தான் வழிகாட்டும்.