கற்றுத் தருகிறோம், கூலி எதற்கு?

“வேலை பழக வந்திருக்கிறாய், உனக்கு எதற்குச் சம்பளம்?” இந்தப் பேச்சைக் கேட்காத மில் தொழிலாளி உண்டா? மெஷினுக்கு முன் நிற்கும்போது முழு ஆள். சம்பள நாளில் மட்டும் அப்ரண்டிஸ்! இதே பேச்சுத்தான் அமெரிக்கக் காடுகளில் உள்ள ஆராய்ச்சி நிலையங்களிலும் கேட்கிறது.

அந்த நிலையங்களின் வேலை அற்ப வேலையல்ல. நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டை ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க வனத்துறை 1955-ல் ஒதுக்கியது. 1963 முதல் விஞ்ஞானிகள் அங்கே பெய்யும் மழையையும் ஓடும் ஓடையையும் வாரம் தவறாமல் அளந்து வந்தார்கள். மழை நீரில் அமிலம் இருந்தது. நிலக்கரி எரிக்கும் மின்சார நிலையங்களின் புகை, எங்கோ இருந்த காட்டில் மழையோடு இறங்கியிருந்தது! 1990-ல் அந்தப் புகையைக் குறைக்கச் சட்டம் வந்ததற்கு இந்த அளவைகளும் ஒரு முக்கியக் காரணம். மண்ணையும் மழையையும் நம்பி வாழும் விவசாயத் தொழிலாளிக்கு இதன் அருமை தெரியும்.

இந்த விஞ்ஞானத்தை நாலு பெரிய மனிதர்கள் மட்டுமா செய்தார்கள்? இத்தகைய நிலையங்களுக்குக் கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். மரத்தின் சுற்றளவு எடுப்பதும், உதிர்ந்த இலையைச் சேர்ப்பதும், பறவையையும் பூச்சியையும் எண்ணுவதும், தண்ணீர்ப் புட்டிகளைச் சுமப்பதும் அவர்கள்தான். அது படிப்பு, அதுவே உழைப்பும்கூட.

ஆனால் பல இடங்களில் இதற்குக் கூலி கிடையாது. அப்படியானால் யார் வர முடியும்? வசதி படைத்தவன் பிள்ளை பத்து வாரம் சும்மா உழைக்கலாம். தொழிலாளியின் பிள்ளையோ அந்த விடுமுறையில் சம்பாதித்தால்தான் அடுத்த வருஷம் கல்லூரிச் சம்பளம் கட்டலாம். “காட்டில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?” என்று நாளை உத்தியோகத்துக்குக் கேட்பார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை அங்கேயே கழிக்கப்படுவான்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமெரிக்காவில் 1938-லேயே வந்துவிட்டது. 1947-ல் ரயில்வேயில் ஏழெட்டு நாள் பிரேக்மேன் வேலை பழகியவர்களின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அவர்களால் கம்பெனிக்கு உடனடி லாபம் இல்லை, ஆகவே கூலி இல்லை என்று தீர்ப்பு. 2015-ல் நியூயார்க்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தளர்த்தியது; யாருக்கு அதிக நன்மை என்று பார்த்தால் போதும் என்றது. 2018-ல் தொழில் இலாகாவும் அந்த அளவுகோலையே ஏற்றது. லாப நோக்கமற்ற ஸ்தாபனங்களில் கூலியில்லாமல் தொண்டு செய்யப் பொதுவாகத் தடையே இல்லை. ஆராய்ச்சி நிலையங்களில் பல அத்தகையவைதான்!

“எங்களிடம் பணம் இல்லை” என்பார்கள். கையில் காசில்லாத நிலையங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1987 முதல் மாணவர்களுக்குக் கோடைகால ஆராய்ச்சிக்கென உதவித்தொகை கொடுத்து வருகிறது. தங்கும் இடமும் பெரும்பாலும் கிடைக்கிறது. இடங்கள் குறைவு, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே என்ற குறைகள் உண்டு. இருந்தாலும் கொடுக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எது பாடம், எது வேலை என்று பிரிப்பது கஷ்டமல்ல. மாணவன் உட்கார்ந்து கேட்டால் அது பாடம். அவன் எண்ணிய எண்ணிக்கை நிலையத்தின் கணக்கில் ஏறினால் அது வேலை. வேலைக்குக் கூலி வேண்டும். பத்துப் பேரைச் சும்மா வாங்கும் நிலையம் நாலு பேருக்குக் கூலி கொடுத்து வைக்கட்டும். மற்றவர்களுக்குச் சர்க்கார் பணம் தரட்டும்.

கேட்டால் கிடைக்குமா? 2022 நவம்பரில் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களும் உதவி ஆசிரியர்களுமாகச் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து சம்பள உயர்வு பெற்றார்கள். அவர்கள் சேர்ந்திருந்த சங்கம் எது தெரியுமா? மோட்டார்த் தொழிலாளர் சங்கம்! கார் பூட்டுகிறவனும் ஆராய்ச்சி செய்கிறவனும் ஒரே சங்கத்தில் நின்றார்கள். காட்டில் மரம் அளக்கும் மாணவனுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது, தோழர்களே!