சாக்கில் கட்டி விட்டு வரவா வளர்த்தோம்?

இந்தப் பகுதியில் வரும் சமையல், குழந்தை வளர்ப்பு, மாமியார்-மருமகள் சமாச்சாரம் எல்லாம் ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். இப்போது எழுதப் போவது ஒரு நாயைப் பற்றி. "நாயைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள் சகோதரிகளே. இதில் நம்ம விஷயமும் இருக்கிறது.

2025 ஆவணியில் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். வீட்டுக்கு வெள்ளையடித்து, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்து, சொந்தக்காரர்கள் வந்து இறங்கி, வீடே ஜேஜே என்று இருந்தது. என் கணவரின் அக்கா, எங்கள் மதினி, கொல்லைப்புறம் போனவர் மூக்கைப் பொத்திக் கொண்டு திரும்பி வந்தார். "ஏம்மா, அந்தக் கிழட்டு நாய இன்னுமா வச்சிருக்க? புதுப்பொண்ணு வர்ற வீடு. ஒரு சாக்குல போட்டு மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டு வரச் சொல்லு. அங்க எதையாவது தின்னு பொழச்சுக்கும்" என்றார்.

பதிமூன்று வயது நாய். ஒரு கண்ணில் புரை விழுந்து விட்டது. இன்னொன்றில் நிழலாட்டம் தெரிகிறதோ என்னவோ! காது மந்தம். பல் பாதி இல்லை. அது எந்த மார்க்கெட்டில், எந்த நாயோடு சண்டை போட்டு, எதைத் தின்று பிழைக்கும்? மதினி கெட்டவர் இல்லை. என் இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்து பார்த்தவர். ஆனால் இந்த 'விட்டுட்டு வந்துரலாம்' என்ற வார்த்தை நம் வீடுகளில் எவ்வளவு லேசாக வருகிறது பாருங்கள்!

அந்த நாயை வீட்டுக்குள் கொண்டு வந்தது நான் இல்லை. 2012 கார்த்திகை மழையில், அப்போது பிளஸ் ஒன் படித்துக் கொண்டிருந்த இதே கொழுந்தனார்தான், சாக்கடை ஓரம் கிடந்தது என்று சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். உடனே 'டைகர்' என்று பேரும் வைத்து விட்டார். மறுநாள் நான் குளிப்பாட்டும்போதுதான் பார்த்து, "தம்பி, இது பொட்டை" என்றேன். மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பேர் மட்டும் மாறவே இல்லை.

தூக்கி வந்தவர் ஸ்கூலுக்குப் போய் விட்டார். ஒரு வயசு மகளை இடுப்பில் வைத்துக் கொண்டு கழுவித் துடைத்தது நான். பெரும்பாலான வீடுகளில் இதுதான் கதை. பிள்ளை அழுகிறது என்று அப்பா குட்டி வாங்கித் தருவார். ஒரு வாரம் கொஞ்சுவார்கள். அதற்கப்புறம் சோறு வைப்பதும், மூத்திரம் துடைப்பதும், 'உன் நாய் என் செருப்பைக் கடிச்சிருச்சு' என்று பேச்சு வாங்குவதும் அம்மாதான்.

எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு கிண்ணம் பசும்பால் வைத்தேன், வயிற்றால் போயிற்று. பயந்து போய் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினேன். மாட்டுப்பால் நிறையக் குட்டிகளுக்கு ஒத்துக் கொள்ளாதாம். குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன்னால் பிரிக்கவும் கூடாதாம். பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசி போட எப்போது வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தரம் நாலு மாசம் வரைக்கும். மூன்று மாசம் ஆனதும் வெறிநாய் ஊசி, அப்புறம் வருஷா வருஷம். 'தெரு நாய்க்கெல்லாம் எதுக்கு ஊசி' என்று எங்கள் வீட்டிலும் முணுமுணுத்தார்கள். அந்த வருஷமே பக்கத்துத் தெருவில் ஆசை ஆசையாக விலை கொடுத்து வாங்கின வெளிநாட்டுக் குட்டி, ஊசி போடாமல் ரத்தக் கழிச்சல் வந்து மூன்றே நாளில் போய் விட்டது. பார்வோ என்ற நோயாம். எங்கள் சாக்கடைக் குட்டி பிழைத்துக் கிடந்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நாய்க்கும் ஜாதி கேட்கிறார்கள் நம் ஜனங்கள்! எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கம். வருகிறவர்கள் எல்லாம் 'இது ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கன்னியா' என்று விசாரிப்பார்கள். நாட்டு நாய் என்றதும் முகம் சுருங்கி விடும். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். பெருமைதான். எங்கள் டைகருக்கு யார் தபால் தலை போடப் போகிறார்கள்? ஆனால் நம்ம வெயிலுக்கும் நம்ம சோற்றுக்கும் ஒத்துப் போகிற உடம்பு அதற்கு. பனிப் பிரதேசத்து சடை நாயை வாங்கி வந்து, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கட்டிப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

இனி எழுதப் போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பேர் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக் கொண்டதும் இதற்காகத்தான்.

2014-ல் டைகர் குட்டி போட்டது. ஆறு குட்டி. நாலு கடுவன், இரண்டு பொட்டை. கண் திறந்து தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்ததுமே தெருவில் எல்லாரும் வந்து கேட்டார்கள், "கடுவன்னா குடுங்கக்கா" என்று. நாலும் ஒன்றரை மாசத்தில் போய் விட்டது. இரண்டு பொட்டையை யாரும் தொடவில்லை. 'வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போடும், யார் சீரழியறது' என்பார்கள். ஒருநாள் காலையில் என் மாமனார் இரண்டையும் கட்டைப்பையில் போட்டு, டி.வி.எஸ். 50-ல் முன்னால் வைத்துக் கொண்டு போனார். வெறும் பையோடு திரும்பி வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

டைகர் மூன்று நாள் தேடியது. மடியில் பால் கட்டிக் கொண்டு, கட்டிலுக்கு அடியில், விறகுக்குப் பின்னால், கிணற்றடியில் என்று மோந்து மோந்து பார்த்தது. என் காலடியில் வந்து நின்று முகத்தைப் பார்க்கும். நான் வேலை இருக்கிற மாதிரி உள்ளே போய் விடுவேன்.

என் இரண்டாவது மகள் பிறந்து அப்போது ஆறு மாசம். ஆஸ்பத்திரியில் எட்டிப் பார்த்த உறவுக்காரர் ஒருத்தர், "மறுபடியும் பொட்டப்புள்ளயா?" என்று என் காது படவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு ராத்திரியெல்லாம் அழுதவள் நான். அதே நான், அந்தக் கட்டைப்பை வாசல் தாண்டிப் போகும்போது வாயைத் திறக்கவில்லை. மாமனார் தங்கமான மனுஷர், இப்போது இல்லை. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் சும்மா இருந்ததைத்தான் சொல்கிறேன்.

அந்த வருஷமே சீட்டுப் பணத்தை எடுத்து டைகருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தேன். 'ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நாய்க்கு நல்லது' என்று நானும் நம்பிக் கொண்டிருந்தேன். டாக்டர், "அப்படி ஒண்ணும் இல்லம்மா. ஆறு மாசம் வாக்குலயே கொண்டு வந்திருந்தா இன்னும் நல்லது, மார்க்கட்டி வர்ற பயம் குறையும்" என்றார். ஆபரேஷன் செய்யாத பெண் நாய்களுக்கு வயசான காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாகி விடுவதும் உண்டாம். பத்து நாளில் தையல் பிரித்தார்கள். புண்ணை நக்காமல் இருக்க என் கணவரின் பழைய பனியனை மாட்டி விட்டேன், தெருவே சிரித்தது. அதற்கப்புறம் தெருவில் நாய்க் கூட்டமும் இல்லை, குட்டித் தொல்லையும் இல்லை. 'பொட்டைன்னா தொல்லை' என்கிறவர்களுக்கு இந்த ஒரு ஆபரேஷன்தான் பதில். எடை மட்டும் போடும், சோற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

சோறு என்றதும் ஞாபகம் வருகிறது. மிச்ச சாம்பார், காரக்குழம்பு எல்லாம் பிசைந்து நாய்க்குப் போடுவது நம் வழக்கம். வெங்காயம், பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லெட்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இது தெரிந்த பிறகு, உலை வைக்கும்போதே ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டு, உப்பு காரம் இல்லாமல் முட்டையோ ஈரலோ சேர்த்துப் பிசைந்து வைத்து விடுவேன். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுகிற வேலையும் வேண்டாம், தோல் வெந்து போகும். காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று நாம் போடும் பாராசிட்டமாலைக் கொடுத்து விடாதீர்கள். குட்டி விளையாட்டாகக் குழந்தையைக் கடித்தால்கூட, மஞ்சள், சுண்ணாம்பு வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி விட்டு, நேரே பெரியாஸ்பத்திரிதான்.

பத்து வருஷம் ஓடியதே தெரியவில்லை. அப்புறம் திண்ணையில் தாவி ஏறுகிற நாய் ஒருநாள் கீழேயே நின்று என்னைப் பார்த்தது. முதலில் முட்டிவலி, பிறகு கண், பிறகு காது. போன வருஷத்திலிருந்து சிறுநீரகம் சரியில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். இருந்த இடத்திலேயே போய் விடும். ஒண்ணுக்குப் போகிறதே என்று தண்ணீரைக் குறைக்கத் தோன்றும். அது மட்டும் கூடவே கூடாதாம். சிறுநீரகம் இன்னும் கெட்டு விடும். டைல்ஸ் தரையில் கால் வழுக்குகிறது என்று சாக்கு விரித்திருக்கிறேன். கண் தெரியாததால் கட்டில், பீரோவை இடம் மாற்றுவதில்லை. பின்பக்கமாய்ப் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்க வரும். அதன் குற்றம் இல்லை. தரையை லேசாகக் காலால் தட்டி விட்டு, முன்னால் போய்த்தான் தொட வேண்டும். இதை என் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். நடை குறைந்ததால் நகம் வளர்ந்து வளைகிறது, அதை வெட்டி விட வேண்டும். தீபாவளிக்கு வெடிக்கு பயந்து மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்த நாய், இப்போது காது கேட்காமல் நிம்மதியாகத் தூங்குகிறது. அது ஒன்றுதான் முதுமையில் அதற்குக் கிடைத்த சௌகரியம்!

கஷ்டம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். நடு ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஒன்றும் இல்லாததைப் பார்த்துக் குரைக்கும். அலுப்பில் அதட்டியும் இருக்கிறேன். ஆனால் முடியவில்லை என்பதற்காகக் கொண்டு போய் விடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டத்தை விடுங்கள். தீராத வேதனை என்றால் டாக்டரே வலி தெரியாமல் ஊசி போட்டு முடித்து வைப்பார்; நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தெரியாத இடத்தில், தெரியாத நாய்களுக்கு நடுவே இறக்கி விட்டு வருவதற்கு 'பொழச்சுக்கும்' என்று பேர் வைப்பது நம்மை நாமே ஏமாற்றிக் கொள்வது.

அதனால்தான் சொல்கிறேன் சகோதரிகளே, குட்டி வேண்டும் என்று வீட்டில் யார் கேட்டாலும், 'சரி' சொல்வதற்கு முன் பதினைந்து வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். துடைக்கப் போவது நாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவும் நமக்குத்தான் உரிமை. கணவரும் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு வேலையை ஏற்றுக் கொண்டால்தான் குட்டி என்று கறாராகச் சொல்லுங்கள். அப்படி ஏற்றுக் கொண்டு வளர்க்கிறதானால், யாரும் தொடாத அந்தப் பொட்டைக் குட்டியைத் தூக்கி வாருங்கள். ஆனால் உள்ளே வந்த பிறகு, எவர் எந்தப் பையைத் தூக்கினாலும் என்னை மாதிரி வாயை மூடிக் கொண்டு நிற்காதீர்கள்.

கல்யாண வீட்டில் மதினி அப்படிச் சொன்னதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. கூடத்தில் உட்கார்ந்திருந்த கொழுந்தனாரிடம் போய், "தம்பி, சட்டைக்குள்ள வச்சு நீங்கதான தூக்கிட்டு வந்தீங்க? விடணும்னா நீங்களே உங்க கையால கொண்டு போய் விட்டுட்டு வாங்க. அது உங்க வாசனைய நம்பி வந்துரும்" என்றேன். அவர் தலையைக் குனிந்து கொண்டார். மதினி, "நான் என்னத்தச் சொல்லிட்டேன்" என்று அடுப்படிப் பக்கம் போய் விட்டார். சாக்கை யாரும் எடுக்கவில்லை.

வந்த பெண்ணுக்கு நாய் என்றால் பயம். இன்னும் பக்கத்தில் வருவதில்லை. பரவாயில்லை, பழக நாளாகும். கொழுந்தனார்தான் இப்போது காலையில் சாக்கைக் கழுவிக் காயப் போட்டு விட்டு வேலைக்குப் போகிறார்.

இன்னும் எழுத ஆசைதான். இதோ, இப்போதுதான் கழுவி விட்ட கூடத்தில் மறுபடியும் ஈரமாக்கி விட்டு நிற்கிறது. துணியை எடுக்கப் போகிறேன்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்.